ஐந்து வயதுகூட ஆகாத குழந்தையின் அதீதத் துறுதுறுப்புக்கு மருந்து கொடுக்கலாமா? எப்போது?

மகனுக்கு நாலரை வயது, ஓரிடத்தில் உட்காருவதில்லை, பிள்ளைகளைக் கடிக்கிறான், "டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிக் குடுங்க" என்று எல்கேஜி மிஸ் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி வாசலில் நின்று இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை, ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) உள்ள பையனின் அம்மா. முதலில் பார்த்த ஒருவர் பத்தே நிமிடத்தில் தூக்கம் வரவைக்கும் சிரப்பை எழுதினார். அதை வாங்காமல் திரும்பிவிட்டேன். இரண்டாவதாகப் போன குழந்தைகள் மனநல மருத்துவர் மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று கேட்டார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி ராத்தூக்கம் கெட்டுப்போன குழந்தையும் பகலில் இப்படித்தான் ஆடுமாம். வீடு, பள்ளி இரண்டிலும் இருக்கிறதா, ஆறு மாதமாவது ஆகிறதா என்றும் விசாரித்தார்.

பிறகு பயிற்சி. அவனுக்கில்லை, எங்களுக்கு! கோபம்தான் வந்தது, எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா என்று. ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 4, 5 வயதில் முதலில் பெற்றோர் பயிற்சி, அதில் போதிய பலன் இல்லாமல், பாதிப்பும் பலமாக இருந்தால்தான் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மருந்து. அங்கே 2006இல் வெளிவந்த ஆய்வில் இந்த வயதுக் குழந்தைகள் 303 பேரைச் சேர்த்து, பத்து வாரம் பெற்றோர் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகள் அதிலேயே தேறி மருந்து இல்லாமல் நின்றுவிட்டன. மருந்து எடுத்தவர்களுக்குப் பலன் இருந்தது, ஆனால் பெரிய பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவுக்கு இல்லை. சுமார் 11 சதவீதம் பேர் பக்கவிளைவால் நிறுத்தினார்கள்.

"பையை எடு, ஷூவைப் போடு, தண்ணி பாட்டில் எங்க" என்று ஒரே மூச்சில் கத்துவதை விட்டேன். பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை. செய்த உடனே பாராட்டு. தினமும் பத்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டு. நாலைந்து மாதத்தில் தட்டை வீசி எறிவது நின்றது. ஒன்றரை வருடம் மருந்தில்லாமல் ஓட்டினோம்.

ஒன்றாம் வகுப்பில் மாட்டிக்கொண்டான். கையை உதறிக்கொண்டு இரண்டு முறை ரோட்டுக்கு ஓடினான். பிறந்தநாளுக்கு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதும்போது இடது கையால் வலது கையைப் பளார் பளார் என்று அடித்துக்கொண்டே, "இந்தக் கை நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குதும்மா" என்றான். அப்போது ஆறரை வயது. பள்ளிக்காரர்கள் நச்சரித்தபோது அசையாத நான், அடுத்த வாரமே மருத்துவரிடம் "ஆரம்பிக்கலாம் சார்" என்றேன். எனக்கு அளவுகோல் அதுதான்: பிறருக்கு அவனால் எவ்வளவு தொல்லை என்பதைவிட, அவன் எதையெல்லாம் இழந்துகொண்டிருக்கிறான் என்பது.

மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். ஒரு மாத்திரை நாலு மணி நேரம் போலத்தான் வேலை செய்யும். பசி போய்விட்டது; டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வரும். மாத்திரைக்கு முன்பே நெய் ஊற்றி மூன்று இட்லி, சாயங்காலம் சாப்பாடு என்று மாற்றிக்கொண்டோம். அளவைக் கூட்டியபோது காரணமில்லாமல் அழுதான். பழைய அளவுக்கே இறக்கினார்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கிறேன். "பச்சப்புள்ளைக்கு எதுக்கு இந்தக் கருமம்" என்ற என் மாமியாருக்கு, அவன் முதல்முறை ஒரு பக்கம் முழுக்க எழுதிய நோட்டைக் காட்டினேன். அழுதுவிட்டார்.

உங்களிடம் இன்னும் அவகாசம் இருக்கிறது. காதும் தூக்கமும் சரியா என்று இந்த மாதமே பாருங்கள். தனியாரில் கட்டுப்படியாகாவிட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இடையீட்டு சேவை மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். போவதற்கு முன் இரண்டு வாரம், எப்போது கடிக்கிறான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். மிஸ்ஸையும் எழுதச் சொல்லுங்கள்.