சஸ்பென்ஸ் நாவலை முகவருக்கு அனுப்புவது எப்படி? கேள்வி பதில்

திருகோணமலை வாசிப்பு நண்பர்கள் இரண்டு கிழமையாகச் சேர்த்துத் தந்த கேள்விகள் இவை, கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். இலக்கிய முகவர் என்பவர் எழுத்தாளருக்காகப் புத்தகத்தைப் பதிப்பாளரிடம் விற்றுக் கொடுக்கிறவர். லண்டனில் அப்படி ஒரு முகவர் அலுவலகத்தில் ஆறு வருடம் வாசகராக இருந்தேன். வந்து குவிகிற பிரதிகளை முதலில் வாசித்து, எது முகவரின் மேசைக்குப் போகலாம் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். கவிதை, சிறுவர் கதை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அவை என் துறை இல்லை.

நிலாவெளி: அக்கா, என் சஸ்பென்ஸ் நாவலுக்குப் புரபோசல் தயார், நாவல் பாதி முடிந்திருக்கிறது. இப்போதே அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. புரபோசல் என்பது வரலாறு, பயணம், சமையல் மாதிரிப் புத்தகங்களுக்கு. அவற்றை எழுதி முடிக்கும் முன்பே திட்டத்தையும் ஒன்றிரண்டு அத்தியாயங்களையும் காட்டி விற்கலாம். முதல் நாவலை அப்படி விற்க முடியாது, முழுவதும் எழுதி, திருத்தி, கையில் இருக்க வேண்டும். மூன்று அத்தியாயம் பிடித்துப்போன முகவர் அடுத்த நாளே முழுப் பிரதியையும் கேட்கலாம். அந்த நேரத்தில் இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று நீங்கள் எழுதினால் அவருடைய ஆர்வம் ஆறிப்போகும். அதோடு சஸ்பென்ஸ் கதையில் முதல் பாதியில் போட்ட முடிச்சு கடைசியில் அவிழ்கிறதா என்பதுதான் பரீட்சையே. பாதியை வைத்து அதை யாரும் சொல்ல முடியாது.

கிண்ணியா: என்னென்ன அனுப்ப வேண்டும்?

பிரித்தானிய முகவர்கள் பெரும்பாலும் ஒரு கடிதம், ஒரு கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் கேட்பார்கள். அமெரிக்க முகவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம்தான் முக்கியம், அதோடு சிலர் முதல் ஐந்து பக்கம், சிலர் பத்துப் பக்கம் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் விதியைத் தங்கள் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அதை வாசித்து அப்படியே செய்யுங்கள். 12 புள்ளி அளவு எழுத்து, வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, பக்க எண். நாவல் 80,000 சொல்லில் இருந்து 1,00,000 சொல்லுக்குள் இருந்தால் நல்லது. நடுவிலிருந்து "மிகச் சிறந்த" அத்தியாயத்தை எடுத்து அனுப்பாதீர்கள். முதல் அத்தியாயம் சிறந்ததாக இல்லை என்றால் அதைத் திருத்துவதுதான் வழி.

சீனன்குடா: கடிதத்தில் கதையை எப்படிச் சொல்வது? என் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன..."

தங்கச்சி, உங்கள் கடிதம் முழுவதையும் வாசித்தேன். எண்ணெய்க் குதங்களின், அதாவது எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய தாங்கிகளின், வரலாறு எட்டு வரி போகிறது, ஒன்பதாவது வரியில்தான் ஒரு மனுசி வருகிறாள். ஆனால் அவள் வந்த பிறகு நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாழடைந்த குதங்களை அளக்க வந்த நில அளவையாளர், துருப்பிடித்த ஒரு குதத்துக்குள் காணாமல் போன தன் தகப்பனின் கைக்கடிகாரத்தைக் காண்கிறாள். அதை அவள் பொலிசிடம் கொடுத்தால் மாட்டப் போவது அவளுடைய அண்ணன். கதை அங்கே இருக்கிறது, கடிதமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

யார், அவளுக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, தவறினால் எதை இழப்பாள். இந்த நான்கும் நூற்றைம்பது சொல்லுக்குள் வந்துவிட்டால் போதும். குண்டுவீச்சைப் பற்றி அரை வரி போதும், அதுவும் அந்தக் குதம் ஏன் அங்கே நிற்கிறது என்று விளங்குவதற்காக. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, கோட்டைக்குள் திரிகிற மான்கள் எல்லாவற்றையும் கடிதத்தில் அடுக்க வேண்டாம். ஊரின் அழகை நாவல் காட்டும். அப்புறம் கதையின் வகை, சொல் எண்ணிக்கை, கடைசி ஐந்து வருடத்துக்குள் வந்த இரண்டு ஒப்பீட்டு நாவல்கள் (உங்கள் நாவலைப் போன்றவை), உங்களைப் பற்றி இரண்டு வரி. நீங்கள் நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர் என்பதை ஏன் மறைத்தீர்கள்? இந்தக் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

மூதூர்: கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்ல வேண்டுமாம். கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன சஸ்பென்ஸ்? கதையைத் திருடிவிட மாட்டார்களா?

முடிவைச் சொல்ல வேண்டும். கட்டாயம். முகவர் உங்கள் புத்தகத்தைப் பதிப்பாளருக்கு விற்கப் போகிறவர். வீடு வாங்க வருகிற ஆளுக்கு ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மற்றதைக் காட்ட முடியுமா? நான் வேலை பார்த்த காலத்தில் "மீதியை அறிய நாவலைக் கேளுங்கள்" என்று முடிகிற சுருக்கங்கள் எத்தனையோ வந்தன. அவற்றை எழுதியவருக்கே முடிவு தெரியவில்லையோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

திருட்டைப் பற்றி: எழுதிய நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். வெறும் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, உண்மைதான். ஆனால் முகவர் பிழைப்பதே எழுதத் தெரிந்த ஆளை விற்று. யோசனையை மட்டும் எடுத்து வைத்து அவர் என்ன செய்வார்?

ஓர்ஸ் ஹில், ஓய்வுபெற்ற மாஸ்டர்: பிள்ளை, இதை நான் ஏற்கமாட்டேன். முகவரும் ஒரு வாசகர்தானே. முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தை வாசித்தால் அந்தப் பதற்றம் வருமா? வராவிட்டால் நாவல் எடுபடவில்லை என்று தள்ளிவிடுவாரே.

மாஸ்டர், நீங்கள் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதிக்காக என் பதிலைக் கொஞ்சம் திருத்துகிறேன். கடிதத்தில் முடிவைச் சொல்லக் கூடாது. அங்கே ஆவலைத் தூண்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். சுருக்கத்தில் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் மேலே நான் பிரித்துச் சொல்லவில்லை. நான் வாசித்த முறை கடிதம், பிறகு அத்தியாயங்கள், கடைசியில்தான் சுருக்கம். அத்தியாயம் பிடிக்காவிட்டால் சுருக்கத்தைத் திறக்கவே மாட்டேன். ஆகவே உங்கள் பதற்றத்தைப் பெரும்பாலும் யாரும் கெடுக்கப் போவதில்லை.

ஆனால் மற்றப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிவு தெரிந்தால் செத்துப்போகிற கதை நல்ல சஸ்பென்ஸ் இல்லை. பாரதக் கூத்தில் அபிமன்யு சாவான் என்று தெரியாமலா சனம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது? அவன் வியூகத்துக்குள் காலடி வைக்கும்போது நெஞ்சு அடிப்பது, நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பதால். எழுத்தாளர் எந்த விஷயத்தை யாருக்கு எப்போது தெரியவிடுகிறார் என்பதைத்தான் சுருக்கத்தில் தேடுவோம்.

தம்பலகாமம்: முடிவை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

வெருகல்: கடைசித் திருப்பத்தை மட்டும் மறைத்தால்?

அதுதான் முடிவு. மூதூருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

உப்புவெளி: ஒரு வெளிநாட்டு முகவர் நாவலை வாசிக்க முன்பணம் கேட்கிறார். 300 டொலர். நல்லவர் மாதிரித் தெரிகிறது.

அனுப்பாதீர்கள். வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம், "தொழில்முறைத் திருத்தக் கட்டணம்", என்ன பெயர் வைத்தாலும் சரி, அனுப்பாதீர்கள். முகவருக்குக் காசு வருவது புத்தகம் விற்றால்தான்: உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 வீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் பொதுவாக 20 வீதம். அதைப் பதிப்பாளர் தருகிற பணத்தில் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தருவார். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வளையலை அடகு வைத்து இப்படி ஒருவருக்குக் காசு அனுப்பினாள். நாவலுக்குப் பதிலும் வரவில்லை, வளையலும் வரவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எழுதவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

திருகோணமலை நகரம்: நான் தமிழில் எழுதுகிறேன். எந்த முகவரைப் பிடிப்பது?

தமிழில் வெளியிட முகவர் தேவையில்லை. இங்கேயும் தமிழ்நாட்டிலும் பதிப்பாளருக்கு நேரே எழுதலாம். முழுப் பிரதியையும் அனுப்பும் முன் அவர் என்ன மாதிரிப் புத்தகம் போடுகிறார் என்று பாருங்கள். அச்சுச் செலவை உங்களிடமே கேட்டால் நீங்கள்தான் பதிப்பாளர், தெரிந்துகொண்டு செய்தால் தவறில்லை. ஆங்கில முகவரிடம் போக வேண்டுமானால் நல்ல மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து முதல் ஐம்பது பக்கத்தையாவது ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுகிற, இலங்கையில் வசிக்கிற ஆட்களுக்கு ஒன்று: கிரேஷன் பரிசுக்கு அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். இலங்கையில் பிறந்த நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாட்ஜி 1992இல் தனக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தில் தொடங்கி வைத்த இலக்கியப் பரிசு அது. குறும்பட்டியலில் பெயர் வந்தால் கடிதத்தில் எழுத ஒரு நல்ல வரி கிடைக்கும்.

பாலையூற்று: பதிப்புரிமையைப் பதிய எங்கே போக வேண்டும்?

எங்கேயும் இல்லை. மூதூர் பதிலில் இருக்கிறது.

கன்னியா: முகவர் கட்டணம் கேட்காமல், எடிட்டிங்குக்கு மட்டும் தனக்குத் தெரிந்த கம்பனியிடம் காசு கட்டச் சொல்கிறார்.

அதுவும் அதே கதைதான். காசு கொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள்.

கிண்ணியா: ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாமா? எவ்வளவு காலம் காத்திருப்பது?

அனுப்பலாம், தனித்தனி மின்னஞ்சலாக, அவரவர் பெயர் போட்டு. முதலில் ஆறு பேர். ஆறு பேரும் மறுத்தால் கடிதத்தையும் முதல் அத்தியாயத்தையும் திருத்தி அடுத்த ஆறு பேருக்கு. ஐம்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்பினால் ஒரே பிழையை ஐம்பது இடத்தில் செய்தது மாதிரி. பதிலுக்கு ஆறில் இருந்து பன்னிரண்டு கிழமை ஆகலாம், பலர் வேண்டாம் என்றால் பதிலே போடுவதில்லை. பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு தடவை பணிவாகக் கேளுங்கள். யாராவது ஒப்பந்தம் தர முன்வந்தால் மற்றவர்களுக்கு உடனே அறிவியுங்கள், அது மரியாதை.

சீனன்குடா (திரும்பவும்): அக்கா, திருத்திவிட்டேன். "காணாமல் போன தகப்பனின் கைக்கடிகாரத்தை ஒரு மர்மமான எண்ணெய்க் குதத்துக்குள் கண்டெடுக்கிறாள் ஒரு நில அளவையாளர். பொலிசுக்குப் போனால் அண்ணன் மாட்டுவான். போகாவிட்டால் தகப்பன் எப்படிச் செத்தார் என்பது அந்தக் குதத்தோடு இடிபட்டுப் போகும், இடிக்க இன்னும் ஒன்பது நாள்."

ஒன்பது நாள் என்ற கெடு முதல் கடிதத்தில் இல்லவே இல்லை! இவ்வளவு பெரிய விஷயத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? "மர்மமான" என்ற சொல்லை எடுத்துவிட்டு "துருப்பிடித்த" என்று போடுங்கள். அனுப்பலாம்.