காவலுக்கு வந்த பீகிள்

கேள்வி: கம்பம் பக்கம் 3 ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். தோட்டக் காவலுக்கென்று 25,000 ரூபாய் கொடுத்து பீகிள் சாதி நாய்க்குட்டி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ராத்திரி யார் வந்தாலும் வாலாட்டுகிறது. மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாது. இப்போது காதில் நாற்றம், ஓயாமல் தலையை உதறுகிறது. வேப்பெண்ணெய் விட்டும் கேட்கவில்லை. என்ன சொட்டு மருந்து விடலாம்? மற்றபடி நன்றாகத் தின்னும், 16 கிலோ இருக்கிறது. பந்தலுக்கடியில் உதிர்ந்த பழத்தைக்கூட விடாது.

பதில்: காது கிடக்கட்டும். கடைசி வரியைப் படித்ததும் பகீரென்றது. திராட்சை நாய்க்கு விஷம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அது உண்டு. இத்தனை பழம் வரை பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. ஒரு நாய் தாங்கும், இன்னொன்றுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் போய்விடும். ஒரு வருடம் தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்று இருக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிடுங்கள். கம்பத்தில் வருடம் முழுக்கப் பழம் இருக்கும், ஆகவே பந்தலைச் சுற்றி வலை கட்டியே தீரவேண்டும். அதையும் மீறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று பார்த்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தொங்கு காதுக்குள் காற்றோட்டம் குறைவு. ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். அதன்மேல் எண்ணெய் விட்டால் அழுக்கு இன்னும் சேரும், நிறுத்துங்கள். மருந்துப் பெயரைச் சொல்லமாட்டேன். காதைத் திறந்துகூடப் பார்க்காமல் கடைக்காரர் நீட்டும் சொட்டு மருந்து, செவிப்பறை கிழிந்திருந்தால் நாயைச் செவிடாக்கிவிடலாம். டாக்டர் அழுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதித் தரட்டும். காது மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று நீங்களே தினமும் தடவிப் பாருங்கள்.

சரி, காவல். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடிய சாதி. அதற்கு எல்லோரும் வேண்டியவர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பயணிகளின் பெட்டிகளில் பழமும் இறைச்சியும் இருக்கிறதா என்று மோப்பம் பார்க்கிறது. ஆளைக் கண்டு மிரளாது, மிரட்டாது என்பதால்தான் அதை அங்கே வைத்தார்கள். அதைப் போய்க் காவல் நாய் என்று விற்றவர் ஒன்று அறியாதவர், இல்லை அறிந்தே ஏமாற்றியவர். கூப்பிடு தூரத்தில் கோம்பை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய காவல் நாயை விட்டுவிட்டு இதற்கு 25,000!

வாங்கியாயிற்று, இனி அதன் மூக்குக்கு வேலை கொடுங்கள். நான் பார்த்தவரை, பீகிள் ஓடிப்போவதில் பாதி, சும்மா கட்டிக்கிடக்கும் சலிப்பால்தான். சாயங்காலம் வேகவைத்த கோழித் துண்டை நூலில் கட்டிக் களத்தில் வளைத்து வளைத்து இழுத்துப் போங்கள். தடம் முடியும் இடத்தில் அன்றைய தீனியை ஒரு மூடிக்கடியில் வையுங்கள். நாய்க்கு மார்புப் பட்டை மாட்டி, 30 அடி கயிற்றில் பின்னாலேயே போங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் இழுத்துத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளும். தட்டில் சோறு கொட்டுவதை அடியோடு விடுங்கள். உங்கள் நாய் 11, 12 கிலோ இருந்தால் போதும், விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும்.