மூஸ் ஸ்குவாட்ரன்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கே: கனடா விமானப்படையின் 419-வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) மூஸ் மானின் பெயர் எப்படி வந்தது?

ப: அது முதல் தளபதி ஜான் ஃபுல்டனின் பட்டப்பெயர். கனடாவின் கம்லூப்ஸ் ஊர்க்காரர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 டிசம்பரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் ஸ்குவாட்ரன் தொடங்கியது. 1942 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க் மீது குண்டு போடப் போனவர் திரும்பி வரவேயில்லை. பெயரை மட்டும் அவருடைய ஆட்கள் விடவில்லை. சின்னத்தின் அடியில் கிரீ பழங்குடி மொழியில் ‘மூஸ், ஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கும்.

கே: ஓட்டியது லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் மட்டும்தானா?

ப: இல்லை. முதலில் வெலிங்டன், அப்புறம் ஹாலிஃபாக்ஸ். 1944-இல்தான் லங்காஸ்டர். அவை ஒன்டாரியோவின் மால்டனில் கட்டப்பட்டவை.

கே: இந்த ஸ்குவாட்ரனின் மினார்ஸ்கிக்கு, வீரத்துக்கான உயரிய பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தது எதற்காக?

ப: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1944 ஜூன் 12 இரவு, பிரான்ஸின் காம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் போன லங்காஸ்டரை ஜெர்மானிய இரவு வேட்டை விமானம் சுட்டது. இடப்பக்க இரண்டு எஞ்சின்களும் போயின, தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்க வேண்டும் என்று விமானி உத்தரவிட்டார்.

வின்னிபெக்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ மினார்ஸ்கி மேல் துப்பாக்கிக் கூண்டில் இருந்தவர். கதவருகே வந்தவர், வால் துப்பாக்கிக் கூண்டில் அதன் துப்பாக்கிக்காரர் பாட் பிரோஃபி சிக்கியிருப்பதைப் பார்த்தார். கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் விசை எஞ்சினோடு செத்துவிட்டது. கையால் சுற்றும் பிடியும் உடைந்துபோனது. மினார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் நெம்பினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். அசையவில்லை. ‘போய்விடு’ என்று பிரோஃபி கையசைத்தார். மினார்ஸ்கி நெருப்பைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, கதவருகே நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். உதடுகள் ‘குட் நைட், சார்’ என்று அசைந்ததாகப் பிரோஃபி பின்னாளில் சொன்னார். உடையும் பாராசூட்டும் எரிய எரியக் குதித்த மினார்ஸ்கி, தரையில் தீக்காயங்களால் இறந்தார்.

கே: அப்படியானால் இதைச் சொன்னது யார்?

ப: பிரோஃபியேதான்! விமானம் தரையில் மோதியபோது அவர் கூண்டிலிருந்து தூக்கி வீசப்பட்டு உயிர் பிழைத்தார். மற்ற ஐவரும் பிழைத்தார்கள். பிரோஃபி சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1946 அக்டோபரில் விருது அறிவித்தார்கள்.

கே: ஜெர்மானியப் பொதுமக்கள் செத்ததைப் பற்றி?

ப: மறைக்க ஒன்றுமில்லை. நகரங்களையே குறிவைத்த தாக்குதல்களில் இந்த ஸ்குவாட்ரனும் பறந்தது. இந்த ஸ்குவாட்ரன் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் சுமார் 55,000 வான்படையினரும் மாண்டார்கள், அவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியர்கள். இரண்டு துயரத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதை மூடக்கூடாது.

கே: மினார்ஸ்கி பறந்த அந்த விமானத்தை இப்போது பார்க்க முடியுமா?

ப: அது எரிந்துபோனது. ஆனால் ஒன்டாரியோவின் ஹாமில்டன் அருங்காட்சியகத்தில் வேறொரு லங்காஸ்டருக்கு அதன் அடையாளமான ‘விஆர்-ஏ’ எழுத்துகளைத் தீட்டியிருக்கிறார்கள். பறக்கும் நிலையில் உலகில் மிஞ்சிய இரண்டில் ஒன்று. போனால் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் இறக்கையின் உத்தரம் குறுக்கே கிடக்கும், ஏறித்தான் தாண்ட வேண்டும். வால் பக்கம் ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் இடம். அதற்குள்தான் மினார்ஸ்கி திரும்பிப் போனார்.