ஒரு டாலருக்கு ஒரு கப் மருந்து: ஹாங்காங் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல, ஹாங்காங்ல ஹெராயினுக்கு அடிமையானவங்களுக்கு அரசாங்கமே தினமும் மெத்தடோன்னு ஒரு மருந்து ஊத்திக் குடுக்குதுன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதினேன். அவ்ளோதான், மெயில் வந்து குவிஞ்சிருச்சு. பாதி பேரு திட்டியிருக்கீங்க, மீதி பேரு கேள்வி கேட்டிருக்கீங்க. திட்டுக்குள்ளயும் கேள்வி இருக்கறதால இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

தஞ்சாவூர் வாசகர்: ஹெராயின் அடிக்கிறவனுக்கு மெத்தடோன் குடுக்கறது, பிராந்தி குடிக்கிறவனுக்கு விஸ்கி வாங்கிக் குடுத்த கதையா இல்ல இருக்கு? இதுக்குப் பேரு வைத்தியமா சார்?

இதே கேள்விய ஒரு எட்டு பத்து பேரு கேட்டிருக்கீங்க, உங்களுது தான் சுருக்கமா இருந்துச்சு ஐயா. ஹெராயின் உடம்புக்குள்ள போனதும் சட்டுனு ஏறும், சில மணி நேரத்துல இறங்கிரும். இறங்கினதும் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் வலிக்கும், வயித்தால போகும், தூக்கம் வராது. அதனால ஒருநாளைக்கு மூணு நாலு தடவை தேடி ஓடணும், அதுக்கு காசு வேணும், காசுக்கு திருடணும், கடைசியில காசு பத்தாம புகையா இழுக்கறத விட்டுட்டு ஊசிக்குப் போயிடுவாங்க, ஏன்னா ஊசியில கொஞ்சமா போட்டாலும் நல்லா ஏறும். மெத்தடோன் வாய்வழியா குடிக்கற மருந்து. மூளையில ஹெராயின் போய் உக்கார்ற அதே இடத்துல தான் உக்காரும், ஆனா மெதுவா ஏறி ஒரு நாள் முழுக்க நிக்கும், சரியான அளவுல குடுத்தா தலை கிறுகிறுப்பு இல்ல, அந்த வலியும் இல்ல. ஆளு வேலைக்குப் போகலாம். உடம்பு அதை நம்பித்தான் இருக்கும், திடீர்னு நிறுத்தினா கஷ்டம் தான், அதை நான் மறைக்கல. ஆனா விஸ்கி குடிச்சிட்டு கிரேன் ஓட்ட முடியாது, டோஸ் செட்டான ஆளு மெத்தடோன் குடிச்சிட்டு ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதறது சாதாரணமா நடக்கற விஷயம். உலக சுகாதார அமைப்பு 2005லயே இதை அத்தியாவசிய மருந்து பட்டியல்ல சேத்தாச்சு.

ஹாங்காங்ல இது எப்படி நடக்குதுன்னு சொன்னா தான் புரியும். 1972ல சோதனையா ஆரம்பிச்சு 1976ல ஊர் முழுக்க விரிச்சாங்க. கிட்டத்தட்ட 20 கிளினிக். சிலது காலையில 7 மணிக்கே திறந்து ராத்திரி 10 வரைக்கும், சிலது சாயங்காலம் மட்டும், அதாவது வேலைக்குப் போறவன் போறதுக்கு முன்னாடியோ வந்த பின்னாடியோ குடிச்சிட்டுப் போயிடலாம். தீபாவளி, பொங்கல் மாதிரி அங்க சீனப் புத்தாண்டு, அன்னிக்கும் லீவு கிடையாது, வருஷத்துல 365 நாளும் திறந்திருக்கும். டாக்டர் சீட்டு வேணாம், நேரா போயி பதிஞ்சுக்கலாம், டாக்டர் பாத்து அளவு முடிவு பண்ணுவாரு. அப்புறம் தினமும் கவுண்ட்டர்ல அட்டைய நீட்டினா உங்க அளவ ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்புல ஊத்திக் குடுப்பாங்க, அங்கயே நின்னு அவங்க கண்ணு முன்னாடி குடிக்கணும், வீட்டுக்கு பார்சல் கிடையாது. ஊத்திக் குடுக்கறவங்க நிறைய பேரு ஆக்சிலரி மெடிக்கல் சர்வீஸ்னு ஒரு தொண்டர் படையச் சேர்ந்தவங்க. கட்டணம் ஒரு டாலர், ஹாங்காங் டாலர், நம்ம கணக்குல பத்து பன்னெண்டு ரூபா. எத்தனையோ வருஷமா அதே ஒரு டாலர் தான். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அந்த ஒரு டாலரும் அந்த லீவு இல்லாததும் தான். ஏன்னா அடிமையானவனுக்கு வைராக்கியம் எந்த நாள், எந்த நேரத்துல வரும்னு சொல்ல முடியாது, வர்ற அன்னிக்கு கதவு பூட்டியிருக்கக் கூடாது.

ஓசூர்லேர்ந்து ஒரு வாசகி, ஆசிரியை: எல்லாம் சரி, 50 வருஷத்துல எத்தனை பேரு முழுசா விட்டாங்க? அதைச் சொல்லுங்க.

டீச்சர் கரெக்டா மடக்கிட்டீங்க. முழுசா விட்டவங்க கம்மி தான். பல பேரு பல வருஷமா மெத்தடோன்லயே இருக்காங்க, நடுவுல ஹெராயினும் தொட்டுக்கறவங்க உண்டு, இன்னிக்கு அந்த கிளினிக் வரிசையில நிக்கறவங்கள்ல நிறைய தலை நரைச்ச ஆளுங்க. இந்த மார்க்க மட்டும் வச்சுப் பாத்தா திட்டம் ஃபெயிலுன்னு சொல்லிடலாம்.

ஆனா வேற ஒரு பேப்பரும் திருத்தணும். 1988ல பாங்காக்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க: ஊசி போட்டுக்கறவங்ககிட்ட கிட்டத்தட்ட இல்லவே இல்லைன்னு இருந்த எச்ஐவி ஒரே வருஷத்துல மூணுல ஒருத்தருக்கு மேல பரவிருச்சு. அடுத்து நம்ம மணிப்பூர், 1990 வாக்குல ரெண்டுல ஒருத்தர். ஒரே ஊசிய நாலு பேரு மாத்தி மாத்தி போட்டா அவ்ளோ வேகமா போகும், அங்கேர்ந்து பொண்டாட்டிக்கு, பிறக்கப்போற குழந்தைக்கு. இதே காலகட்டத்துல இதே ஆசியாவுல இதே ஹெராயின் ஆயிரக்கணக்குல பயன்படுத்தின ஹாங்காங்ல ஊசி போடறவங்ககிட்ட எச்ஐவி நூத்துல ஒருத்தருக்கும் கம்மியாவே நின்னுச்சு. 2004லேர்ந்து மெத்தடோன் கிளினிக்குலயே வருஷா வருஷம் எல்லாருக்கும் சிறுநீர்ல எச்ஐவி டெஸ்ட் பண்றாங்க, அதனால இது குத்துமதிப்பு இல்ல. மருந்துக்கடையில புது ஊசி சீட்டு இல்லாம வாங்க முடிஞ்சதும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு உறுத்தல் இருக்கு, அதே ஆளுங்ககிட்ட ஹெபடைட்டிஸ் சி (ஊசி பகிர்ந்தா பரவற கல்லீரல் நோய்) பெரும்பாலானவங்களுக்கு இருந்துச்சு, அதாவது ஊசி பகிர்றது நடந்துட்டு தான் இருந்திருக்கு, எச்ஐவி உள்ள நுழைஞ்சு பரவற அளவுக்கு நடக்கல, அவ்ளோதான். நெருப்பு வாசல் வரைக்கும் வந்திருக்கு.

அதனால "எத்தனை பேரு விட்டாங்க"ங்கறத விட "எத்தனை பேரு உயிரோட இருக்காங்க, எத்தனை பேருக்கு தொத்தல"ன்னு கேக்கறது தான் சுகாதாரத் துறைக்கான கேள்வின்னு நான் நினைக்கறேன். நீங்க ஒத்துக்கலேன்னா மறுபடி எழுதுங்க.

சேலம் வாசகர்: கடத்தறவனத் தூக்குல போட்டா ஒரே வாரத்துல சரியாயிடும். ஏன் சுத்தி வளைக்கறீங்க?

ஹாங்காங் ஒண்ணும் தாராள மனசுக்கார ஊரு இல்ல தம்பி. கடத்தினா ஆயுள் தண்டனை, 50 லட்சம் ஹாங்காங் டாலர் அபராதம் வரைக்கும் சட்டத்துல இருக்கு (மரண தண்டனைய 1993லயே எடுத்துட்டாங்க). 1970கள்ல நொண்டி ஹோன்னு கூப்பிடுவாங்க, இங் சிக் ஹோ, அந்த ஊரு ஹெராயின் ராஜா, அவனைப் புடிச்சு 1975ல 30 வருஷம் போட்டாங்க. 1974ல தான் போலீஸ் லஞ்சத்த ஒழிக்க தனியா ஒரு ஆணையமே வந்துச்சு. கடத்தறவன நெருக்கினா தெருவுல சரக்கு கிடைக்காது, விலை ஏறும், அப்ப அடிமையான ஆளு எங்க போவான்? அந்த நேரம் பாத்து தான் 76ல கிளினிக்குங்கள திறந்துவிட்டாங்க. ரெண்டு கையும் சேந்து வேலை செஞ்சுச்சு.

மதுரை கல்லூரி மாணவர்: ஹாங்காங்குக்கு அபின் போனதே நம்ம நாட்டுலேர்ந்து தான்னு படிச்சேன். நிஜமா?

நிஜம் தான் தம்பி. பீகார், பனாரஸ் பக்கம் விவசாயிகிட்ட முன்பணம் குடுத்து கசகசா செடி போட வச்சு, பாட்னாவுலயும் காஜிப்பூர்லயும் ஃபேக்டரில உருண்டையா உருட்டி, கல்கத்தாவுல கிழக்கிந்திய கம்பெனியே ஏலம் விட்டுச்சு. மேற்கால மால்வா அபின் பம்பாய் வழியா போச்சு. பம்பாய் ஜேஜே ஆஸ்பத்திரி யாரு பேர்ல இருக்கோ அந்த ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய்க்கு சீன வியாபாரத்துல வந்த பணத்துல அபின் பணம் பெரும்பங்கு. சீனா தடுத்துச்சு, சண்டை வந்துச்சு, 1842 நான்கிங் ஒப்பந்தத்துல ஹாங்காங் பிரிட்டிஷ்காரன் கைக்குப் போச்சு. அப்புறம் அங்க அபின் விக்கறதுக்கு அரசாங்கமே ஏலத்துல லைசென்ஸ் குடுத்துச்சு, 1914லேர்ந்து தானே நேரா வித்துச்சு, இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் தான் முழுசா தடை. சும்மா இல்ல, கஜானாவுக்கு அது ஒரு பெரிய வரும்படி.

தடை போட்டதும் என்ன ஆச்சுன்னா, அபின் புகை தெருக்கோடி வரைக்கும் வாசம் அடிக்கும், மாட்டிக்குவாங்க. ஹெராயினுக்கு அந்த வாசம் இல்ல, கைக்குள்ள அடங்கும். 1949க்கு அப்புறம் ஷாங்காய்லேர்ந்து ஓடி வந்தவங்கள்ல அபின்லேர்ந்து ஹெராயின் காய்ச்சத் தெரிஞ்ச ஆளுங்களும் இருந்தாங்க. 1950கள்ல ஊரே ஹெராயினுக்கு மாறிடுச்சு. அலுமினியத் தாள்ல தூளை வச்சு அடியில நெருப்பு காட்டி, ஓடற புகைய குழாய் வச்சு துரத்தித் துரத்தி இழுக்கறது, "டிராகனைத் துரத்தறது"ன்னு உலகம் பூரா சொல்றாங்களே, அது ஹாங்காங் சரக்கு தான். 1963ல ஷெக் குவூ சாவ்னு ஒரு தீவையே மறுவாழ்வு மையமா ஆக்கினாங்க, அது இன்னும் பேர் போன இடம். ஆனா தீவுல ஒழுங்கா இருந்துட்டு பழைய தெருவுக்கு வந்ததும் பழையபடி ஆனவங்க நிறைய, அதனால தான் தெருமுனையிலயே மருந்து வேணும்னு அப்புறம் தோணியிருக்கு.

சிங்கப்பூர்லேர்ந்து ஒரு அம்மா: பையனுக்கு 15 வயசு. கே-பாட்னு ஏதோ வேப் (மின்சிகரெட்) பத்தி பசங்க பேசிக்கறாங்க. ஹாங்காங்லயும் இது இருக்காமே, அதுக்கும் மெத்தடோன் மாதிரி ஏதாவது உண்டா?

இல்லம்மா, நேரா சொல்லிடறேன். மெத்தடோன் ஹெராயின் வகைக்கு மட்டும் தான் கேக்கும். ஹாங்காங்கும் இதுல தான் மாட்டிக்கிச்சு. 2000கள்ல அங்க இளவட்டம் ஹெராயின விட்டு கெட்டமைன்ங்கற மயக்க மருந்துக்குப் போயிருச்சு, மலிவு, ஊசி இல்ல, மூக்குல உறிஞ்சினா போதும், "இது ஒண்ணும் பண்ணாது"ன்னு பேச்சு. 2007ல அங்கத்த டாக்டருங்க 10 பேரோட கேஸை எழுதினாங்க: சிறுநீர்ப்பை உள்சுவர் புண்ணாகி, இறுகி, சுருங்கிப் போச்சு. நமக்கு 400 மில்லி வரைக்கும் தாங்கற பை, மோசமான கேஸ்ல 100 மில்லி கூட தாங்காது. கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம், ரத்தத்தோட, வலியோட, இருபது வயசுல. பஸ்ல ஒரு ஸ்டாப் தாண்டி போக முடியாத பசங்க. சீக்கிரம் நிறுத்தினா ஓரளவு திரும்பும், லேட்டானா ஆபரேஷன் தான்.

நீங்க கேட்ட கே-பாட், அங்க "ஸ்பேஸ் ஆயில்"னு பேரு. வேப் குழாய்ல எட்டோமிடேட்டுனு ஒரு மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர்ல ஊசியா போடறது. ஹாங்காங் 2025 பிப்ரவரியில ஆபத்தான போதைப்பொருள் பட்டியல்ல சேத்துச்சு, உங்க ஊர்ல 2025 செப்டம்பர்ல சி வகுப்பு போதைப்பொருள்னு அறிவிச்சாங்க. கை நடுங்கும், நடை தள்ளாடும், நின்ன இடத்துல சரிஞ்சு விழுவாங்க, உடம்புல கார்ட்டிசோல்ங்கற ஹார்மோன் சுரக்கறத வேற அமுக்கிடும். பையன் சரிஞ்சு கிடந்தா திட்டறத அப்புறம் வச்சுக்கங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. மத்தபடி பையில கிடக்கற வேப் குழாயப் பாத்து கத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து "யாருகிட்ட வாங்கின, எத்தனை நாளா"ன்னு கேளுங்க, பதில் வர்ற மாதிரி கேளுங்க.

ஹாங்காங் கணக்குப்படி போதைப்பொருள் பயன்படுத்தறதா பதிவான ஆளுங்க 2000களோட ஆரம்பத்துல 18,000 சொச்சம், 2022ல 5,000 சொச்சம். குறைஞ்சது நிஜம். ஆனா ஹெராயின்காரன் மாதிரி இந்த பசங்க கிளினிக் தேடி வர்றதில்ல, ரூம்ல கதவ சாத்திட்டு இழுக்கறாங்க, வீட்டுல தெரியவே வருஷக்கணக்கு ஆகுது, அதனால அந்த நம்பர அப்படியே நான் முழுங்க மாட்டேன்.

பேரு ஊரு வேணாம்னு சொல்லிட்டு, ஹெராயின்ல மாட்டின அண்ணனுக்கு நம்ம நாட்டுல இந்த மாதிரி மருந்து கிடைக்குமான்னு எழுதினவருக்கு: நம்ம நாட்டுலயும் இருக்கு. நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) நடத்தற மையங்கள்ல புப்ரெனார்ஃபின்னு மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக் குடுப்பாங்க, சில இடத்துல மெத்தடோனும் உண்டு, காசு கிடையாது. 14446க்கு போன் பண்ணுங்க, தேசிய ஹெல்ப்லைன், இலவசம். அண்ணன நீங்களே கூட்டிட்டுப் போங்க, தனியா அனுப்பாதீங்க.

கோவை வாசகர்: குடும்பத்தோட பாங்காக் போயிட்டு அப்படியே ஹாங்காங் போறோம். வலிக்குன்னு சிபிடி ஆயில் (கஞ்சா செடியிலேர்ந்து எடுக்கறது) பாங்காக் கடையில விக்குதே, வாங்கிட்டு ஹாங்காங் போலாமா?

வேண்டவே வேண்டாம் சார். ஹாங்காங்ல 2023 பிப்ரவரி 1லேர்ந்து சிபிடியும் போதைப்பொருள் தான், கையில வச்சிருந்தாலே 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் ஹாங்காங் டாலர் வரைக்கும் அபராதம். கிரீம், ஜெல்லி மிட்டாய், பானம் எதுல இருந்தாலும் அதே தான், "பாங்காக் கடையில பில்லு போட்டு வாங்கினேன்"னு காட்டினா பில்ல வாங்கி ஃபைல்ல வச்சுக்குவாங்க. முட்டி வலிக்கு கோவையிலேர்ந்தே தைலம் எடுத்துட்டுப் போங்க.