கறுப்பைச் சுரண்டிவிடாதீர்கள்

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற கறுப்பு நாற்காலி ஒன்று எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறது. சாய்மானம் முழுக்கப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். இருக்கை பிரம்புப் பின்னல். கருங்காலி என்றே நினைத்திருந்தோம். இப்போது கைப்பிடி தேய்ந்து பழுப்பு தெரிகிறது. "வெறும் சாயம்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடலாம்" என்கிறார் கணவர். செய்யலாமா? – தோ பாயோ வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். தேய்த்தால் பூவிதழ் ஓரத்தில் உளி விட்டுப்போன கூர்மை மழுங்கிவிடும். மேடெல்லாம் வெளுத்து, குழிகளில் மட்டும் கறுப்பு திட்டுத் திட்டாகத் தங்கும். பிறகு எந்தத் தச்சராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சாயம் ஏற்றியது என்பதால் அது மட்டமான பொருளாகிவிடாது. செதுக்கிய கருங்காலி நாற்காலிகள் மீது ஐரோப்பியர்களுக்கு அப்படியொரு மோகம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் செய்தவற்றை, இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்தவை என்று நம்பியே 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் வாங்கி, தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் போட்டார். அசல் கருங்காலிக்கு விலை அதிகம். அதனால் 19ஆம் நூற்றாண்டில் வேறு மரங்களுக்குக் கறுப்பேற்றுவது பெரிய கைத்தொழிலாகவே வளர்ந்தது. வினிகரில் இரும்பை ஊறவைத்த நீரைப் பூசினால், மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். அதன்மேல் அரக்குப் பாலிஷ். அந்தக் கறுப்பையும் சேர்த்துத்தான் அது அந்த நாற்காலி.

உங்களுடையது எது என்று தெரிய, கவிழ்த்து இருக்கையின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். சாயம் எட்டாத மூலையில் வெளிறிய மரம் தெரிந்தால் கறுப்பேற்றியதுதான். அப்படியே மெல்லிய மரத்தூள் உதிர்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. உடனே ஆள் கூப்பிடுங்கள்.

தேய்ந்த கைப்பிடிக்குக் கறுப்பு மரமெழுகை மென்துணியால் லேசாகத் தடவினால் போதும். செதுக்கலில் படிந்த தூசிக்கு மென்மையான தூரிகை. கிருமிநாசினித் துடைப்பான் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பிரம்பு தொய்ந்திருந்தால், அடிப்பக்கத்தை மட்டும் வெந்நீரில் பிழிந்த துணியால் நனைத்து, நிழலில் ஒருநாள் விடுங்கள். காயும்போது தானே இறுகும்.

அப்புறம், ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பகலெல்லாம் உப்பிய மரம் இரவில் வறண்டால் மூட்டு விட்டுவிடும். விட்டால் ஆணி அடிக்காமல், பழைய அறைகலன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பசை போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.