நோரா வீட்டை விட்டுப் போறாளா இல்லையா?

போறா. நார்வே நாடக ஆசிரியர் இப்சன் 1879ல எழுதின 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தோட மூலத்துல நாயகி நோரா கடைசில கதவை சாத்திட்டு வெளிய போயிடுறா, அதுல சந்தேகமே வேணாம். உங்க நோட்ஸ்ல 1884ல லண்டன்ல போட்டப்ப புருஷனோடவே இருந்துட்டான்னு இருக்குன்னீங்களே, அது அனேகமா 'பிரேக்கிங் எ பட்டர்ஃபிளை'ங்கிற தழுவலா இருக்கும், ஹென்றி ஆர்தர் ஜோன்ஸும் ஹென்றி ஹெர்மனும் எழுதினது, அதுல புருஷன் பழியைத் தன் தலைல போட்டுக்கிறான், அவளும் தங்கிடுறா. குழந்தைங்களை விட்டுட்டு ஒரு அம்மா கிளம்புறதை அன்னைக்கு மேடைல காட்டவே பயந்தாங்க. கல்யாணமானவ தன் பேர்ல முழுசா சொத்து வெச்சுக்கலாம்னு இங்கிலாந்துல சட்டம் வந்ததே 1882லதான், யோசிச்சுப் பாருங்க.

நாயகி பேரை செக் பண்ணுங்க. ஃப்ளோரான்னு இருந்தா தழுவல். நோரான்னு இருந்து, குழந்தைங்க ரூம் வாசல்ல உடைஞ்சு உக்காந்துட்டான்னு வந்தா அது 1880ல ஜெர்மன் மேடைக்காக இப்சனே மனசில்லாம எழுதிக்கொடுத்த முடிவு.

ஒண்ணு மட்டும் கவனம், ஜேனட் அச்சர்ச் நடிச்சு 1889ல நாவல்டி தியேட்டர்ல போட்டதை இதோட கலந்துடாதீங்க. அதுல முடிவை மாத்தல, நோரா கிளம்பித்தான் போறா, அதனால லண்டன் மேடைல அவ போகவே இல்லன்னு பொதுவா எழுதினா தப்பாயிடும்.