கான்ட்ராக்டர் நீட்டும் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். அப்பா ஒரே கான்ட்ராக்டரிடம் 22 வருடம் பாய்லர்களுக்கு லேகிங் வேலை (சூடு வெளியேறாமல் உறை சுற்றும் வேலை) செய்தார். ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் அவர் கையில் தினமும் புழங்கின. மூச்சுத்திணறல் வந்து வேலைக்குப் போவதை நிறுத்தியவர், 2025 மார்ச்சில் 60 வயதில் இறந்துவிட்டார். பயாப்சி ரிப்போர்ட்டில் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோய் என்று இருக்கிறது. கடைசிச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய். இ.எஸ்.ஐ. பிடித்தம் எப்போதும் கிடையாது. காரியத்துக்குக் கான்ட்ராக்டர் 50,000 கொடுத்தார். இப்போது 100 ரூபாய் பத்திரத்தோடு வந்து, இன்னும் ஒன்றரை லட்சம் தருகிறேன், அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். "பீடி குடித்ததால் வந்த நோய், கோர்ட்டில் நிற்காது" என்றும் சொல்கிறார். இன்னொருவர், அமெரிக்காவில் இந்த நோய்க்குக் கோடிக்கணக்கில் கிடைக்கும், ஃபைல் போட 25,000 கட்டுங்கள் என்கிறார். வாங்கிய 50,000 எங்களுக்கு எதிராகிவிடுமா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பத்திரம். அம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

வேலையால் வந்த நோயில் ஒரு தொழிலாளி இறந்தால், இழப்பீட்டுப் பணத்தை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. 1923-ஆம் வருடத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணத்தை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். அவர்தான் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். நேரில் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் 17-வது பிரிவின்படி செல்லாது. நூறு ரூபாய்ப் பத்திரமாக இருந்தாலும் சரி, நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும் சரி, இதே கதிதான்.

அப்படியானால் ஏன் இன்னும் பத்திரத்தோடு வருகிறார்கள்? கையெழுத்துப் போட்ட குடும்பம் அதன்பிறகு எந்த அலுவலகப் படியும் ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் பார்த்தவரை, பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, அது செல்லாது என்று தெரியாமலே மூன்று நான்கு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்த பெண்கள்தான் அதிகம். அதற்குள் காலக்கெடு தாண்டிவிடுகிறது. அந்தக் காகிதத்தின் வேலையே அதுதான்.

இனி அந்த 50,000. இதில்தான் நீங்கள் ரொம்பக் குழம்பியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. தொழிலாளி இறந்தால் அவரைச் சார்ந்திருந்தவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை முதலாளி முன்பணமாகக் கொடுக்கலாம். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதச் சம்பளம் 54,000. அவர் கொடுத்தது 50,000. அது இந்த வரம்புக்குள் வருகிறது. ஆக, அதை வாங்கியதில் தப்பே இல்லை, திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அது இழப்பீட்டுக்கான முன்பணம்தான் என்று அவர் நிரூபித்தால், தீர்ப்பாகும் தொகையில் அதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதை வாங்கியதாலேயே வழக்குப் போடும் உரிமை போகாது. 'வாங்கிக்கொண்டீர்கள், இனி பேச முடியாது' என்று அவர் சொன்னால் அது பொய். மனுவில் நீங்களே அந்த 50,000-ஐ, வாங்கிய தேதியோடு எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் ரசீதை எடுத்து நீட்டினால் அம்மாவின் மற்ற பேச்சையும் சந்தேகப்படுவார்கள்.

எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்போம். மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது. அதில் பாதி 7,500. அறுபது வயதுக்குக் காரணி 117.41. பெருக்கினால் 8,80,575 ரூபாய். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி. தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லையென்றால், அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போட முடியும். அந்த ஒன்றரை லட்சத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டுங்கள்.

பீடி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களாகவே இருக்கின்றன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு நோய் வந்தால், அது வேலையில் நடந்த விபத்துக்குச் சமம். வேலையால் வரவில்லை என்று காட்டும் பாரம் முதலாளி மேல். உங்கள் அப்பாவுக்கு வந்தது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்று. பீடி, சிகரெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸ்தான் அதற்கு முதல் காரணம். தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்தும் வரும். சாதாரண நுரையீரல் புற்றாக இருந்திருந்தால் பீடியைக் காட்டி இழுத்தடிப்பார்கள். இங்கே அந்த வாதம் எடுபடாது.

அதனால்தான் அந்த பயாப்சி ரிப்போர்ட் வீட்டுப் பத்திரத்துக்குச் சமம். ரிப்போர்ட் மட்டும் போதாது. பரிசோதனைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கேசட்டில் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு எண் எழுதியிருக்கும். 'பிளாக்' என்று சொல்வார்கள். எதிர்த்தரப்பு 'இது மீசோதீலியோமாவே இல்லை' என்று கிளம்பினால், அந்தப் பிளாக்கிலிருந்து மறுபடி சீவி எடுத்து வேறொரு நிபுணர் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் மருத்துவமனைகள் அதைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. சிகிச்சை பார்த்த இடத்தில் நோயியல் துறைக்கு அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதி, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு, பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். கேஸ் ஷீட்டின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.

நகராட்சியோ மாநகராட்சியோ கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் இருக்காது. அது மருத்துவர் எழுதும் தனிச் சான்றில் இருக்கும், நெருங்கிய உறவினருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும். அதிலும் பல டாக்டர்கள் 'இதயமும் சுவாசமும் நின்றது' என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நிற்கும். எந்த நோயால் நின்றது என்று எழுத இன்னும் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

அடுத்தது, அப்பா அந்தக் கான்ட்ராக்டரிடம்தான் இருந்தார் என்பதற்கு ஆதாரம். பீரோவையும் பரணையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். லேமினேட் செய்த கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, சம்பளக் கவர், தீபாவளி போனஸ் கொடுத்த சீட்டு, பாய்லர் முன்னால் சக வேலைக்காரர்களோடு நின்ற போட்டோ, எதுவும் உதவும். பி.எஃப். கணக்கு எண்ணில் நிறுவனத்தின் குறியீடு இருக்கும், அதை மறுக்க முடியாது. அவரோடு லேகிங் செய்த இரண்டு பேரின் சாட்சி வேண்டும். பழைய லேகிங்கைத் தட்டிப் பிரிக்கும்போது எழுந்த தூசி, ஆஸ்பெஸ்டாஸ் மாவைத் தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து குழாயில் அப்பியது, மூக்கில் கட்ட ஒரு துண்டுதான் இருந்தது, இதையெல்லாம் அவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் வயதாகிறது. இப்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.

வழக்கை உங்கள் பெயரில் போட வேண்டாம், தம்பி. வேலைக்குப் போகும் வளர்ந்த மகன் இந்தச் சட்டத்தில் 'சார்ந்திருப்பவர்' ஆக மாட்டார். அம்மா பெயரில் போடுங்கள். கல்யாணமாகாத தங்கை இருந்தால் அவரையும் சேருங்கள். கான்ட்ராக்டரோடு நிறுத்தாமல், அவர் அப்பாவை அனுப்பிய ஆலைகளையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டர் கைவிரித்தால் முதன்மை முதலாளியிடம் கேட்க 12-வது பிரிவு வழி விடுகிறது. ஆலை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், அம்மா குடியிருக்கும் ஊருக்கான ஆணையரிடமே மனுப் போடலாம். சேலத்தில் தொழிலாளர் துணை ஆணையர்தான் அந்தப் பொறுப்பில் அமர்கிறார். கோருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று சிவில் கோர்ட் போலக் கட்டணம் கிடையாது.

காலக்கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம். உங்களுக்கு 2027 மார்ச்சில், அப்பா இறந்த அதே தேதியோடு முடிகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதே என்று யாராவது குழப்பினால், அப்பா அதற்கு முன்பே இறந்தவர், பழைய சட்டப்படிதான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.

அமெரிக்கக் கோடிக்கு வருவோம். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனிகள் பல திவாலாகி, நோயாளிகளுக்கென்று அறக்கட்டளை நிதி ஒதுக்கின. அந்தக் கம்பெனிகளின் பொருளைக் கையாண்டு நோய்வாய்ப்பட்டவர்களுக்கான பணம் அது. செல்போனில் நோயின் பெயரைத் தட்டினால் வரும் விளம்பரமெல்லாம் அதைப் பற்றியதுதான். இங்கே, நம்மூர்க் கான்ட்ராக்டரிடம், நம் சந்தையில் வாங்கிய கயிற்றில் வேலை செய்தவருக்கு அதில் பங்கு கிடையாது. அங்குள்ள வக்கீல்கள்கூட ஜெயித்தால்தான் ஃபீஸ் எடுப்பார்கள், முன்பணம் கேட்பது வழக்கமில்லை. 25,000 கேட்கிறவருக்கு ஆதார் நகலோ, பயாப்சி ரிப்போர்ட்டின் அசலோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள்.

உள்ளூரிலும் இப்படி ஆட்கள் உண்டு. 'வரும் பணத்தில் முப்பது சதவீதம் எனக்கு' என்று எழுதி வாங்குவார்கள். இழப்பீட்டுத் தொகையை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது. 9-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவது வக்கீல்களுக்கும் பார் கவுன்சில் விதிப்படி தடை. பங்கு பேசுகிற கறுப்புக் கோட்டைக் கண்டால் அந்தப் படியிலேயே திரும்பிவிடுங்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஆணையர் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முடியாது, தம்பி. உங்களைக் காத்திருக்க வைப்பார்கள், வாய்தா மேல் வாய்தா போடுவார்கள். அதிகாரி மாறுவார், ஸ்டெனோ இருக்கமாட்டார். ஒரு விதவை பஸ் ஏறி வந்து, தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும் காட்சியை அந்த வராந்தாவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மா போக வேண்டியதில்லை, சாட்சி சொல்லும் நாளில் போனால் போதும் என்று வக்கீலிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்தபின் முதலாளி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக நினைத்தால், முதலில் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்று காட்ட வேண்டும். வெறும் அப்பீலைக் காட்டி மிரட்டினால் அசைய வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் இருந்தவர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ, வேலையை விட்டபின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் உத்தரவு போட்டது. முப்பது வருடம் தாண்டியும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்படியொரு பதிவேட்டை யாரும் என்னிடம் காட்டியதில்லை. இருந்தாலும் மனுவில் அதைக் கேளுங்கள். இல்லை என்று அவர்கள் எழுத்தில் சொன்னால், அதுவும் நமக்கு ஆதாரம்.

சட்டத்துக்கு வெளியே ஒரு விஷயம். அப்பாவின் வேலைச் சட்டையை இத்தனை வருடம் உதறித் துவைத்தது அம்மாதான். அந்தத் தூசியால் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே நோய் வருவது மருத்துவ உலகம் அறிந்ததுதான். அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் அம்மாவைக் காட்டி, கணவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கான்ட்ராக்டர் அடுத்த முறை பத்திரத்தோடு வந்தால், "ஆணையரிடம் கட்டுங்கள், அங்கே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.